பெயின்ட் பூசிய பைக் சக்கரங்களில் இறுகிப்போன ஸ்டிக்கர் பசையை அகற்றுவது: முழுமையான வழிகாட்டி

அலாய் வீலின் விளிம்பைச் சுற்றி ஒட்டப்படும் ரிம் ஸ்டிக்கர் சில கோடைகளைத் தாண்டிவிட்டால் முழுதாக உரிந்து வருவதில்லை. மேலிருக்கும் நிறத் தாள் துண்டுதுண்டாக உடைந்து வருகிறது; அடியில் இருந்த பசை சக்கரத்திலேயே தங்கி, தூசியையும் பிரேக் பேடின் கருந்தூளையும் செயினிலிருந்து தெறிக்கும் எண்ணெயையும் ஈர்த்துக்கொண்டு, அழுக்கு வளையமாக நிற்கிறது. பலரும் இந்த நிலையில் தின்னரையோ பிளேடையோ கையில் எடுத்துவிடுகிறார்கள். பசை அதனால் போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் பெயின்டும் அதனுடன் சேர்ந்து போய்விடுகிறது. பசையை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். சக்கரத்தின் பூச்சு ஒருமுறை கரைந்தோ கீறியோ போய்விட்டால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே இந்த வேலையில் வலிமையான திரவத்தைவிட மிதமான சூடும் போதுமான நேரமுமே முதன்மையான கருவிகள் என்பதை மனத்தில் வைத்து, கீழே உள்ள வரிசையிலேயே செய்து வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பசை ஏன் இப்படி ஆகிறது

ரிம் ஸ்டிக்கர்கள் பெரும்பாலும் பிவிசி என்னும் வினைல் தாளால் ஆனவை. அந்தத் தாளை வளையும் தன்மையோடு வைத்திருப்பதற்காக அதில் ஒருவகை மென்மையாக்கும் வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். வெயிலும் சக்கரத்தின் சூடும் சேரும்போது அந்தப் பொருள் தாளிலிருந்து மெல்ல வெளியேறுகிறது. ஒரு பகுதி கீழே இருக்கும் பசைக்குள்ளும் இறங்குகிறது. அதனால் தாள் சுருங்கி நொறுங்கும் தன்மை பெறுகிறது, பசையோ தன் உள்பிடிப்பை இழந்து கொழகொழப்பாகிறது. ஸ்டிக்கர் சுருங்கிய ஓரங்களில் வெளியே தெரியும் பசை மட்டும் புற ஊதாக் கதிர்பட்டு மேலும் இறுகிப் பழுப்பாகிவிடும். ஒரே சக்கரத்தில் நடுப்பகுதி பிசுபிசுப்பாகவும் ஓரம் கல் போலவும் இருப்பதற்கு இதுவே காரணம். இரண்டையும் ஒரே முறையில் எடுக்க முயன்றால் ஏதேனும் ஒன்று பிடிவாதமாக நிற்கும்.

பசையிலும் இரு வகை உண்டு. விலை குறைந்த டேப்புகளிலும் பழைய ஸ்டிக்கர்களிலும் ரப்பர் அடிப்படையிலான பசை இருக்கும். இது எண்ணெய்க்கும் டர்பன்டைனுக்கும் எளிதில் இளகும். நல்ல தர ஸ்டிக்கர்களிலும் இருபக்க ஃபோம் டேப்புகளிலும் அக்ரிலிக் பசை இருக்கும். இது எண்ணெய்களுக்கு மெதுவாகவே அசையும், ஆல்கஹாலுக்கு ஊறி உப்பித் தளரும். கையில் இருப்பது எந்த வகை என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. சிறிய இடத்தில் இரண்டையும் தனித்தனியே வைத்துப் பார்த்தால் சில நிமிடங்களில் பசையே காட்டிக்கொடுத்துவிடும்.

சக்கரத்தின் பூச்சை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

தொழிற்சாலையிலிருந்து வரும் அலாய் வீல்கள் பவுடர் கோட்டிங் செய்யப்பட்டவையாகவோ, அடுப்பில் சுட்டு உறுதியாக்கிய திரவப் பெயின்ட் பூசப்பட்டவையாகவோ இருக்கும். பவுடர் கோட்டிங் ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் உருகிப் படிந்து இறுகுவதால் ஆல்கஹால், டர்பன்டைன் போன்றவற்றைச் சிறிது நேரம் தாங்கும். ஆனால் கடையிலோ வீட்டிலோ ஸ்பிரே கேன் கொண்டு மறுபடி பெயின்ட் அடித்த சக்கரங்கள் அப்படியல்ல. அந்தப் பெயின்ட் வெறுமனே உலர்ந்திருக்கிறதே தவிர வேதியியல் முறையில் இறுகியிருப்பதில்லை. ஆகவே தன்னைக் கரைக்கக்கூடிய திரவம் பட்டால் மறுபடி கரையும். பழைய வண்டியை வாங்கியவர்கள் சக்கரம் எப்போது, எப்படிப் பெயின்ட் செய்யப்பட்டது என்று தெரியாவிட்டால், அதை ஸ்பிரே பெயின்ட் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சில சக்கரங்களில் நிறக்கோடு தெளிந்த மேல்பூச்சுக்கு அடியில் இருக்கும். கோட்டின் ஓரத்தில் நகத்தை மெல்ல இழுத்தால் எந்தத் தடையும் உணரப்படாவிட்டால், அது மேலே ஒட்டிய ஸ்டிக்கர் அல்ல. அதை எந்தத் திரவத்தாலும் எடுக்க முடியாது, எடுக்க முயலவும் கூடாது.

சோதனை இவ்வாறு செய்யப்பட வேண்டும். சக்கரத்தின் உட்புறத்தில், வெளியே தெரியாத ஓரிடத்தைக் கழுவித் துடைத்த பின், நீங்கள் பயன்படுத்த எண்ணியிருக்கும் திரவத்தில் வெள்ளைத் துணியை நனைத்து இரண்டு நிமிடம் அழுத்தி வைத்துவிட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தத் திரவத்தை விட்டுவிடுங்கள். நிறம் ஏறாமலிருப்பது மட்டும் போதாது என்பதையும் கவனிக்க வேண்டும். மேலே தெளிந்த பூச்சு இருக்கும் சக்கரத்தில் அந்தப் பூச்சு கரைந்தாலும் துணி வெள்ளையாகவே இருக்கும். எனவே அந்த இடம் பிசுபிசுப்பாக இருக்கிறதா, பளபளப்பு குறைந்திருக்கிறதா, நகம் பதிகிறதா என்பதைப் பத்து நிமிடம் கழித்து ஒருமுறை பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

ஹேர் ட்ரையர், காலாவதியான ஏடிஎம் அட்டை அல்லது பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, சிறு துண்டுகளாக வெட்டிய சுத்தமான பனியன் துணி அல்லது மைக்ரோஃபைபர் துணி, டிஷ்யூ தாள், உணவைச் சுற்றி வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள், நைட்ரைல் கையுறை ஆகியவை போதும். திரவங்களில் தேங்காய் எண்ணெய், நீலகிரித் தைலம், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஆகிய மூன்றும் பெரும்பாலான வேலையை முடித்துவிடும். செல்போன் பழுதுபார்ப்பவர்கள் போர்டுகளைத் துடைக்கப் பயன்படுத்துவது இந்த ஆல்கஹாலைத்தான் என்பதால், அது கிடைக்காத ஊர் இல்லை. நீலகிரித் தைலம் சளிக்கு மட்டும் உரியதென்று நினைத்துவிட வேண்டாம். அதில் மிகுதியாக உள்ள சினியோல் என்ற பொருள் ரப்பர் பசையை நன்றாக இளக்குகிறது. ஊட்டியில் விற்கும் கலப்படமற்ற தைலமாக இருந்தால் சில சொட்டுகளே போதும். பெயின்ட் கடைகளில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனும் உதவும், ஆனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை நிறுத்துவதும் மூடி வைப்பதும்

என்ஜினும் சைலன்சரும் முழுவதும் ஆறிய பிறகே தொடங்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் மட்டுமே சுழற்றுங்கள். என்ஜினை ஓடவிட்டுக் கியரில் போட்டுச் சக்கரம் சுழலும்போது துணியை வைத்துப் பிடிப்பதைச் சிலர் எளிய வழியாகக் கருதுகிறார்கள். செயினுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் இடையில் துணியோடு விரலும் இழுபட்டுத் துண்டாகும் விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன. சாவியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

அடுத்து பிரேக். எண்ணெயோ தைலமோ டிஸ்க்கின் மேல் படிந்து பேடுகளுக்குள் ஊறிவிட்டால் பிரேக் பிடிக்கும் திறன் குறைந்துவிடும். பேடில் ஊறிய எண்ணெயை நம்பகமாக வெளியேற்றும் வழி கிடையாது, புதிய பேடுதான் போட வேண்டும். எனவே டிஸ்க்கையும், பேடுகளை அதன்மேல் அழுத்தும் பாகமான காலிப்பரையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையால் மூடி, நாடாவால் கட்டிவிடுங்கள். எந்தத் திரவத்தையும் சக்கரத்தின் மேல் நேரடியாகப் பீய்ச்சாமல் துணியில் ஊற்றியே பயன்படுத்துங்கள். சக்கரத்தின் நடுக்குடத்தில் (ஹப்) இருக்கும் பேரிங்கின் ரப்பர் மூடிக்கும், ஏபிஎஸ் வண்டிகளில் அங்கேயே இருக்கும் உணரிக்கும் இதுவே பாதுகாப்பு. சக்கரத்தைக் கழற்றி வைத்துச் செய்பவர்கள் டிஸ்க் உள்ள பக்கத்தைத் தரையில் படும்படி கிடத்தக் கூடாது. சக்கரத்தின் எடையால் டிஸ்க் வளைய வாய்ப்புண்டு.

முதல் படி: கழுவுதல்

இதைப் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். பசையின் மேல் ஒட்டியிருக்கும் மணலும் பிரேக் தூளும் தேய்க்கும்போது உப்புத்தாளைப் போல வேலை செய்து பெயின்டைக் கீறிவிடும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் இரண்டு முறை கழுவி, முழுவதும் காயவிடுங்கள்.

இரண்டாம் படி: சூடாக்கி உருட்டி எடுத்தல்

திரவம் எதையும் தொடுவதற்கு முன்பே பசையின் பெரும்பகுதியை வறண்ட நிலையில் எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பசை தடிமனாக இருக்கும்போதே திரவத்தை ஊற்றித் தேய்த்தால் அது கரைந்து மெல்லிய படலமாகச் சக்கரம் முழுவதும் பரவும். பிறகு விரலகல வளையத்துக்குப் பதிலாக உள்ளங்கையகலப் பரப்பைச் சுத்தம் செய்யும் நிலை வரும்.

ஹேர் ட்ரையரை ஒரு சாண் தொலைவில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே, ஒரு அடி நீளமுள்ள பகுதியை மட்டும் சூடாக்குங்கள். அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தால் சூடு சுருக்கென்று பட்டாலும் கையை எடுக்காமல் சில நொடிகள் தாங்க முடிய வேண்டும். அதற்கு மேல் சூடு தேவையில்லை. ஹீட் கன் இதற்கு வேண்டாம். அதன் காற்று சில நூறு டிகிரி வரை சூடாகக்கூடியது. பெயின்ட் கொப்பளித்துவிடும், டயரின் ரப்பரும் கெடும். வெயில் காலமாக இருந்தால் கறுப்புச் சக்கரத்தை அரைமணி நேரம் நண்பகல் வெயிலில் நிறுத்தினாலே இந்தச் சூடு கிடைத்துவிடும்.

எஞ்சியிருக்கும் நிறத் தாளை இப்போது பிளாஸ்டிக் அட்டையின் முனையால் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல், சக்கரத்தின் பரப்போடு ஒட்டியவாறு பின்னோக்கி மடித்து மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் தாள் அறுந்து பசை தங்கிவிடும். தாள் போன பிறகு கட்டை விரலால் பசையை ஒரே திசையில் தள்ளித் தள்ளி உருட்டுங்கள். சிறு உருண்டைகளாகத் திரண்டு வரும். திரண்ட உருண்டையையே மீண்டும் பசையின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தால் அது மிச்சத்தையும் கவர்ந்துகொள்ளும். கையுறையைவிட வெறும் விரலே இந்த வேலைக்கு நன்றாக அமையும், திரவம் எதுவும் இல்லாததால் தீங்குமில்லை.

மூன்றாம் படி: ஊறவைத்தல்

இப்போது மிஞ்சியிருப்பது இறுகிய ஓரங்களும் மெல்லிய படலமும்தான். எண்ணெய் தேய்த்த மறுநொடியே யாரும் தலையை அலசுவதில்லை; இங்கும் அப்படியே. டிஷ்யூ தாளை நீளவாக்கில் மடித்து, தேங்காய் எண்ணெயிலோ, அதோடு சில சொட்டு நீலகிரித் தைலம் சேர்த்த கலவையிலோ நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து பசையின் மேல் படியவையுங்கள். அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அழுத்திவிட்டால் திரவம் ஆவியாகாமலும் வழியாமலும் தங்கும். வெறும் தேங்காய் எண்ணெயை ஓரிரு மணி நேரம் வரை விடலாம். தைலம் சேர்த்திருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். பசை நகத்துக்கு இளகியவுடன் எடுத்துவிடுங்கள்.

எண்ணெய்க்கு அசையாத பசை அக்ரிலிக் வகையாக இருக்கலாம். அப்போது அந்த இடத்தைச் சோப்பு நீரால் துடைத்து எண்ணெயை முழுவதும் நீக்கிய பிறகு, அதே முறையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை வைக்க வேண்டும். எண்ணெய்ப் படலம் இருக்கும்போது வைத்தால் ஆல்கஹால் பசைக்குள் முழுமையாக இறங்காது. இதை ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து விடாதீர்கள். எடுத்துத் துடைத்துப் பார்த்து, தேவையானால் மறுபடி வையுங்கள். ஊறவைக்கும் வேலை முழுவதும் நிழலில் நடக்க வேண்டும். சூடான சக்கரத்தில் ஆல்கஹால் நொடியில் ஆவியாகிவிடும். சூட்டில் இளகியிருக்கும் பெயின்டும் திரவத்துக்கு எளிதில் விட்டுக்கொடுக்கும்.

இரண்டும் போதாத இடங்களில், முன்பே செய்த சோதனையில் பெயின்ட் தாங்கியிருந்தால் மட்டும், மினரல் டர்பன்டைனைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். இதை ஊறவைக்க வேண்டாம். டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரேக்களும் பெட்ரோலிய எண்ணெய் அடிப்படையிலானவையே. பசையை நன்றாக இளக்கும், ஆனால் பீய்ச்சும்போது டிஸ்க்கின் பக்கம் பறக்கும் என்பதால் துணியில் அடித்துக்கொண்டே பயன்படுத்த வேண்டும்.

நான்காம் படி: துடைத்தெடுத்தல்

இளகிய பசையைப் பிளாஸ்டிக் அட்டையால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தள்ளித் திரட்டி எடுத்த பிறகே துணியைத் தொடுங்கள். துணியில் பசை ஏறியவுடன் மடிப்பை மாற்ற வேண்டும். ஒரே பக்கத்தால் தேய்த்துக்கொண்டிருந்தால் எடுத்த பசையையே திரும்பப் பூசுகிறீர்கள். துணியை வெட்டி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். டயரில் வழிந்த எண்ணெயை உடனுக்குடன் துடைத்துவிடுங்கள். எண்ணெயும் டர்பன்டைனும் ரப்பரை ஊதி மென்மையாக்கும், சாலையைத் தொடும் பகுதியில் பட்டால் வழுக்கும். இறுதியாகச் சோப்பு நீரால் முழுச் சக்கரத்தையும் கழுவி, ஈர விரலால் தடவிப் பாருங்கள். பசை மிச்சமிருக்கும் இடத்தில் விரல் தடைபடும். கண்ணுக்குத் தெரியாததையும் விரல் சொல்லிவிடும்.

எடைத் துண்டுகள் இருந்த இடம்

டியூப்லெஸ் சக்கரங்களில் சமநிலைக்காக ஒட்டும் எடைத் துண்டுகளைக் கழிவு என்று நினைத்துப் பெயர்த்துவிடாதீர்கள். அவை போனால் வேகத்தில் சக்கரம் அதிரும். பழைய துண்டு விழுந்துபோன இடத்தில் மட்டும் தடித்த ஃபோம் டேப் தங்கியிருக்கும். அதைச் சூடாக்கி, தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பை இரு கைகளாலும் பிடித்து, டேப்புக்கும் சக்கரத்துக்கும் இடையே அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தால் ஃபோம் தனியே வந்துவிடும். மீதிப் படலத்துக்கு ஆல்கஹால் ஊறல் போதும். சுத்தம் செய்வதற்கு முன் அந்த இடத்தைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டால் டயர் கடையில் காட்ட உதவும்.

ஸ்போக் வீல், மேட் பூச்சு

ஸ்போக் வீலில் ஒவ்வொரு கம்பியும் நிப்பிள் என்னும் சிறு நட்டின் வழியே ரிம்முக்குள் இறங்குகிறது. அந்தத் துளைகளின் வழியே டர்பன்டைன் இறங்கினால் உள்ளே இருக்கும் டியூப் ஊதிப் பலவீனமாகும். இந்தச் சக்கரங்களில் சூட்டையும் சொட்டாத ஊறலையும் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மேட் கறுப்புச் சக்கரங்களுக்குத் தனிக் கவனம் தேவை. மேட் பூச்சின் மங்கல் என்பது பரப்பில் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்களால் வருவது. அழுத்தித் தேய்த்தால் மேடுகள் மழுங்கி அந்த இடம் மட்டும் பளபளக்கும், அதைத் திரும்ப மங்கலாக்க வழியில்லை. இவற்றில் தேய்ப்பதற்குப் பதிலாக ஊறவைக்கும் நேரத்தைக் கூட்டி, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பாலிஷ், மெழுகு, மெலமைன் ஸ்பாஞ்ச் மூன்றும் மேட் பூச்சுக்கு ஆகாதவை.

பயன்படுத்தக் கூடாதவை

பெயின்ட் கடையில் கிடைக்கும் என்சி தின்னரும், அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியும் சக்கரத்தின் அருகே வரவே கூடாது. பெயின்ட் சரியாகச் சுடப்பட்டு இறுகியிருக்கிறதா என்று பார்க்கத் தொழிற்சாலைகளில் அசிட்டோனின் உறவுப்பொருளான மெத்தில் எத்தில் கீட்டோனில் நனைத்த துணியால் தேய்த்துச் சோதிக்கிறார்கள். அத்தனை கடுமையானது அந்தக் குடும்பம். இரும்புப் பிளேடும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் கீறும், உப்புத்தாளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. துளையிடும் கருவியில் மாட்டும் ரப்பர் வீல் காரின் தட்டையான கதவுக்கு உதவலாம். வளைந்த ரிம்மில் அது ஒரே புள்ளியில் உராய்ந்து பெயின்டைச் சுட்டுவிடும்.

பெட்ரோலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் பஞ்சர் கடையிலிருந்து வீடு வரை எல்லோரும் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். பூஜ்ஜியத்துக்கும் 40 டிகிரி கீழே இருக்கும் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும் திரவம் அது; மூச்சில் செல்லும் பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது; இப்போது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்து வருவதால் ஸ்பிரே பெயின்டை முன்பைவிட எளிதில் இளக்கக்கூடும். மண்ணெண்ணெய் பாதுகாப்பானது என்ற எண்ணமும் முழுச் சரியல்ல. 35 டிகிரிக்குச் சற்று மேலேயே அதன் ஆவி தீப்பற்றும் நிலையை எட்டிவிடுகிறது, வேலூரிலும் கரூரிலும் கத்திரி வெயில் அந்த அளவை எளிதாகக் கடந்துவிடும். ஆல்கஹாலும் தீப்பற்றக்கூடியதே என்பதால் திறந்த வெளியில், அருகில் அடுப்போ விளக்கோ சிகரெட்டோ இல்லாமல் வேலை செய்யுங்கள். ஹேர் ட்ரையரைத் திரவம் முழுவதும் காய்ந்த பிறகே மீண்டும் எடுங்கள். தைலமும் டர்பன்டைனும் ஊறிய துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாமல் வெளியில் விரித்து உலரவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

பசை போன பிறகும் தெரியும் தடம்

விரலுக்குத் தடையில்லை, ஆனாலும் ஸ்டிக்கர் இருந்த வடிவம் தெரிகிறது என்றால் அது பசை அல்ல. ஸ்டிக்கர் மூடியிருந்த பெயின்ட் வெயில்படாமல் புதிதாக இருக்கிறது, சுற்றிலும் உள்ளது மங்கியிருக்கிறது. இதைப் பசை என்று எண்ணித் தேய்த்துக்கொண்டே போவதால்தான் பல சக்கரங்கள் கெடுகின்றன. பளபளப்பான பூச்சாக இருந்தால் மென்மையான பாலிஷிங் காம்பவுண்டை மங்கிய பகுதியில், அதாவது ஸ்டிக்கருக்கு வெளியே, கையால் தேய்த்து வேறுபாட்டைக் குறைக்கலாம். மேட் பூச்சில் இது இயலாது. அதே அகலத்தில் புதிய ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பதே பெயின்டுக்கு நல்லது.

சாலைக்கு எடுக்கும் முன்

பிளாஸ்டிக் பையை எடுத்த பிறகு, இதுவரை பயன்படுத்தாத சுத்தமான துணியில் ஆல்கஹாலை நனைத்து டிஸ்க்கின் இரு பக்கங்களையும் துடையுங்கள்; துணியில் எண்ணெய் மினுக்கம் தெரியாத வரை துணியை மாற்றித் துடைக்க வேண்டும். டயரின் பக்கவாட்டையும் மேற்பரப்பையும் சோப்பு நீரால் ஒருமுறை கழுவுங்கள். சக்கரத்தைக் கழற்றியிருந்தால் ஆக்சில் நட்டை வண்டியின் கையேட்டில் குறித்துள்ள அளவுக்கு முறுக்கி, பிரேக் லீவரைப் பலமுறை அழுத்திப் பிடிப்பு திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு ஆளில்லாத தெருவில் நடை வேகத்தில் ஓட்டி, முன் பின் பிரேக்குகளைத் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். வழக்கத்துக்கு மாறான கிறீச்சொலி கேட்டாலோ, பிடிப்பு தளர்ந்திருந்தாலோ வண்டியை எடுக்காமல் பேடுகளைக் கழற்றிக் காட்டுவதற்கு மெக்கானிக்கை அழையுங்கள்.

புதிய ஸ்டிக்கர் ஒட்டுவதாக இருந்தால் ஒட்டும் பரப்பில் எண்ணெய்த் தடம் சிறிதும் இருக்கக் கூடாது என்பதால், ஆல்கஹாலால் கடைசியாக ஒருமுறை துடைத்து, காய்ந்தவுடன் ஒட்டுங்கள். ஒட்டிய பின் ஒரு நாளாவது வாட்டர் வாஷ் செய்யாமல் விட்டுவையுங்கள். இதை எடுக்கும் காலத்தில், ஓரங்கள் சுருங்கிப் பசை வெளியே தெரியத் தொடங்கும்போதே, ஹேர் ட்ரையரால் சூடாக்கி முழுத் துண்டாக உரித்துவிடலாம். அப்போது மூன்றாம் படிக்குப் பெரும்பாலும் தேவையிருக்காது.